பழைய டெஸ்க்டாப் கிளம்பவில்லையா? அறிகுறியை வைத்துப் பழுதைக் கண்டுபிடிக்கும் வழி

"கம்ப்யூட்டர் ஆன் ஆகவில்லை" என்று யார் சொன்னாலும் நான் திருப்பிக் கேட்பது ஒரே கேள்விதான்: எதுவரை போய் நின்றது? பட்டனை அழுத்தினால் சின்னச் சத்தம்கூட இல்லையா? ஃபேன் சுற்றிவிட்டு நிற்கிறதா? திரையில் எழுத்து வருகிறதா? விண்டோஸ் சின்னம் வரை போகிறதா? பல வருடம் ஓடிய இயந்திரத்தில் பாதிப் பழுதை இந்தப் பதிலே காட்டிக் கொடுத்துவிடும். ரேம் வாங்கலாமா, எஸ்எம்பிஎஸ் (கேபினெட்டுக்குள் கரண்ட்டை மாற்றிக் கொடுக்கும் பவர் சப்ளை பெட்டி) மாற்றலாமா என்ற பேச்செல்லாம் அதற்குப் பிறகுதான். உங்கள் அறிகுறிக்கான தலைப்புக்கு நேராகப் போய்விடுங்கள். ஒவ்வொன்றிலும் காசு செலவில்லாத சோதனை முதலில் வரும், செலவு வைப்பது கடைசியில் வரும்.

தேவைப்படுபவை: ஸ்டார் ஸ்க்ரூடிரைவர், பென்சில் அழிக்கும் ரப்பர், காய்ந்த பெயின்ட் பிரஷ், புதிய சிஆர்2032 பட்டன் பேட்டரி. மல்டிமீட்டர் இருந்தால் நல்லது.

கேபினெட்டைத் திறக்குமுன் கரண்ட் வயரைப் பிடுங்கிவிடுங்கள். சுவிட்சை அணைப்பது மட்டும் போதாது. பிறகு பவர் பட்டனை 30 விநாடி அழுத்திப் பிடித்தால் மதர்போர்டில் (எல்லாப் பாகமும் வந்து சேரும் பெரிய பலகை, சுருக்கமாகப் போர்டு) தேங்கிய மின்சாரம் இறங்கும். உள்ளே கை வைக்குமுன் கேபினெட்டின் பெயின்ட் இல்லாத உலோகப் பகுதியைத் தொட்டுக்கொள்ளுங்கள். எந்த வயரையும் கழற்றுமுன் போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள். ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம் செய்து, ஆன் செய்து பாருங்கள். மூன்று வேலையைச் சேர்த்துச் செய்தால் சரியானாலும் எதனால் சரியானது என்று தெரியாது.

எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் திறக்கவே கூடாது. வயரைப் பிடுங்கிய பிறகும் உள்ளே மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் பெரிய கெப்பாசிட்டர்களில் 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கலாம்.

## பட்டனை அழுத்தினால் எதுவுமே நடக்கவில்லை

முதலில் பிளக் பாயின்ட். அதே பாயின்ட்டில் ஒரு டேபிள் லேம்ப்பைப் போட்டுப் பாருங்கள். யுபிஎஸ், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இருந்தால் அவற்றை ஒதுக்கிவிட்டு நேராகச் சுவரில் செருகுங்கள். யுபிஎஸ்ஸில் விளக்கு எரிகிறது என்பதற்காக அதன் பின்பக்கம் மின்சாரம் வருகிறது என்று நம்ப வேண்டாம்.

அடுத்து பவர் வயர். பழைய மானிட்டர்களின் வயரும் கேபினெட்டின் வயரும் பெரும்பாலும் ஒரே மாதிரிதான். மானிட்டர் எரிகிறதென்றால் அதன் வயரைப் பிடுங்கிக் கேபினெட்டில் போடுங்கள்.

பெரும்பாலான எஸ்எம்பிஎஸ்களின் பின்னால் ஒரு கறுப்புச் சுவிட்ச் உண்டு. மேசையைத் துடைக்கும்போதோ பெட்டியை நகர்த்தும்போதோ அது அணைந்திருக்கும். கோடு போட்ட பக்கம் ஆன், வட்டம் போட்ட பக்கம் ஆஃப். சில பழைய எஸ்எம்பிஎஸ்களில் பக்கத்திலேயே 115, 230 என்று எழுதிய சின்னச் சிவப்புச் சுவிட்சும் இருக்கும். அது உங்கள் மின்சாரத்துக்குப் பொருந்துகிறதா என்று கண்ணால் பார்ப்பதோடு நிறுத்துங்கள். 230 வோல்ட் வரும் இடத்தில் 115இல் வைத்து ஆன் செய்தால் எஸ்எம்பிஎஸ் 'டப்' என்று வெடித்துவிடும்.

இவையெல்லாம் சரியென்றால் பக்கவாட்டுத் தகட்டைத் திறந்து, வயரைச் செருகி, மதர்போர்டில் ஏதாவது சின்ன விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். எல்லா போர்டிலும் இந்த விளக்கு இருக்காது. இருக்கும் போர்டில் இங்கிருந்து வழி இரண்டாகப் பிரிகிறது.

விளக்கு எரிகிறது: மின்சாரம் போர்டு வரை வந்துவிட்டது. சந்தேகம் பட்டன் மேல். கேபினெட்டின் முன்பக்கத்திலிருந்து வரும் மெல்லிய வயர்கள் போர்டின் ஓரத்தில் ஒரு முள்வரிசையில் செருகியிருக்கும். பவர் சுவிட்ச் என்று எழுதிய இணைப்பைக் கழற்றிவிட்டு, அந்த இரண்டு முள்ளையும் ஸ்க்ரூடிரைவர் நுனியால் ஒரு கணம் சேர்த்துத் தொடுங்கள். இது சில வோல்ட்தான், ஷாக் அடிக்காது. ஆனால் எது எந்த முள் என்பதைப் போர்டில் அச்சிட்டிருப்பதைப் படித்து உறுதி செய்த பிறகு தொடுங்கள். இயந்திரம் கிளம்பினால் பட்டன்தான் போயிருக்கிறது. ரீசெட் பட்டனின் வயரைப் பவர் முள்ளில் செருகிவிடுங்கள், இனி ரீசெட் பட்டனே பவர் பட்டன். தற்காலிக ஏற்பாடு மாதிரித் தெரியும், ஆனால் இயந்திரத்தின் ஆயுள் முழுக்க அப்படியே ஓடும்.

விளக்கு எரியவில்லை, அல்லது முள்ளைத் தொட்டும் பலனில்லை: எஸ்எம்பிஎஸ்ஸைத் தனியாகச் சோதிக்க வேண்டும். கரண்ட் வயரைப் பிடுங்கிவிட்டு எல்லா இணைப்புகளையும் போர்டிலிருந்து கழற்றுங்கள். ஹார்டு டிஸ்க்கையும் கழற்றிவிடுங்கள், சோதனையில் அதைப் பலி கொடுக்க வேண்டாம். சுமைக்காகப் பழைய சிடி டிரைவ் ஒன்றை மட்டும் விட்டு வையுங்கள். 24 முனையுள்ள பெரிய இணைப்பியில் பச்சை வயர் ஒன்றே ஒன்றுதான் இருக்கும். அதையும் ஏதாவது ஒரு கறுப்பு வயரையும் வளைத்த பேப்பர் கிளிப்பால் இணைத்த பிறகு கரண்ட் கொடுங்கள். ஃபேன் சுற்ற வேண்டும். சுற்றாவிட்டால் எஸ்எம்பிஎஸ் போய்விட்டது. சில பிராண்டு இயந்திரங்களில் இணைப்பி வேறு வடிவத்தில் இருக்கும், வயர் நிறங்களும் மாறும். அவற்றில் இந்தச் சோதனை வேண்டாம்.

ஃபேன் சுற்றினால் மட்டும் எஸ்எம்பிஎஸ் நலம் என்று சொல்லிவிட முடியாது. பழைய இயந்திரங்களில் ஆளை ஏமாற்றுவது இந்த இடம்தான். மல்டிமீட்டரின் கறுப்பு முனையைக் கறுப்பு வயரில் வைத்து அளந்து பாருங்கள். ஊதா வயரில் 5 வோல்ட் எப்போதும் இருக்க வேண்டும், பச்சையை இணைக்காவிட்டாலும்கூட. இணைத்த பிறகு மஞ்சளில் 11.4 முதல் 12.6 வரை, சிவப்பில் 4.75 முதல் 5.25 வரை, ஆரஞ்சில் 3.14 முதல் 3.47 வரை. எது வெளியே போனாலும் மாற்றிவிடுங்கள்.

அளவெல்லாம் சரியாக இருந்து, முள்ளைத் தொட்டும் போர்டு அசையவில்லை என்றால் போர்டைப் பழுதுபார்ப்பவரிடம் கொண்டுபோக வேண்டியதுதான்.

## பலமுறை அழுத்தினால்தான் கிளம்புகிறது, கிளம்பிவிட்டால் நன்றாக ஓடுகிறது

காலையில் பட்டனை அழுத்தி அழுத்திக் கை வலிக்கும். ஒருவழியாகக் கிளம்பினால் சாயந்தரம் வரை குறையே இருக்காது. அணைத்து உடனே போட்டால் முதல் அழுத்திலேயே வரும். மறுநாள் காலை மறுபடி அதே கதை. குளிர் நாட்களில் இன்னும் மோசம்.

இது கெப்பாசிட்டர் வயதாகிவிட்டதன் அடையாளம். சூடேறினால் கொஞ்சம் வேலை செய்யும், ஆறினால் சோர்ந்துவிடும். பெரும்பாலும் எஸ்எம்பிஎஸ்ஸுக்குள், சில நேரம் போர்டில். போர்டில் இருப்பவற்றைக் கண்ணாலேயே பார்க்கலாம். பிராசசரைச் சுற்றி நிற்கும் சிறு உருளைகளின் மேல்தலை தட்டையாக இருக்க வேண்டும். உப்பியிருந்தாலோ, பழுப்பாகக் கசிந்து காய்ந்திருந்தாலோ, அடிப்பக்கம் தள்ளிச் சாய்ந்து நின்றாலோ அது கெட்டுவிட்டது. 2000களின் முதல் பாதியில் வந்த பல போர்டுகளில் தரமில்லாத கெப்பாசிட்டர்கள் இருந்ததால் அந்தக் காலத்து இயந்திரங்களில் இதை முதலில் பாருங்கள்.

இந்த அறிகுறி தானாகச் சரியாகாது. ஒருநாள் காலை எத்தனை முறை அழுத்தினாலும் வராது. ஆகவே இன்று கிளம்பினால், அணைக்காமல் முக்கியமான கோப்புகளை வெளியே எடுத்துவிடுங்கள். பிறகு வேறொரு நல்ல எஸ்எம்பிஎஸ்ஸைக் கடன் வாங்கி ஓர் இரவு முழுக்க ஆறவிட்டுப் போட்டுப் பாருங்கள். உடனே கிளம்பினால் எஸ்எம்பிஎஸ் மாற்றினால் போதும். போர்டில் உப்பிய கெப்பாசிட்டர் இருந்தால் அதே வோல்ட், அதே மைக்ரோஃபேரட் அளவில், 105 டிகிரி தாங்கும் வகையாகப் பார்த்து மாற்ற வேண்டும். மதர்போர்டு பல அடுக்குக் கொண்டது, சூட்டை உறிஞ்சிக்கொள்ளும். சால்டரிங் பழக்கம் இல்லாதவர் கை வைத்தால் துளையோடு தகடும் பிய்ந்து வரும். பழகியவரிடம் கொடுங்கள்.

## கிளம்பி உடனே அணைந்துவிடுகிறது

எத்தனை விநாடியில் அணைகிறது என்று எண்ணுங்கள்.

நான்கைந்து விநாடி, ஒவ்வொரு முறையும் அதே அளவு: பவர் பட்டன் உள்ளே சிக்கிக்கொண்டிருக்கிறது. பட்டனை நான்கு விநாடிக்கு மேல் பிடித்தால் இயந்திரம் அணைந்துவிடும் அல்லவா? சிக்கிய பட்டன் அதைத்தான் செய்கிறது. முதல் தலைப்பில் சொன்னபடி பவர் சுவிட்ச் வயரைக் கழற்றிவிட்டு முள்ளைத் தொட்டு ஆன் செய்யுங்கள். நின்று ஓடினால் பட்டனைச் சுற்றியுள்ள அழுக்கை எடுத்தால் போதும்.

ஒரு விநாடிகூட இல்லை, ஃபேன் ஒரு துடிப்போடு நிற்கிறது: எங்கோ ஷார்ட் ஆகிறது, எஸ்எம்பிஎஸ் தன்னைக் காத்துக்கொள்கிறது. முன்பக்க யுஎஸ்பி துளைகளை டார்ச் அடித்துப் பாருங்கள். உள்ளே இருக்கும் தகடுகள் வளைந்து ஒன்றையொன்று தொட்டாலே இப்படி ஆகும். அந்தப் பக்க வயரைப் போர்டிலிருந்து கழற்றிவிட்டு முயலுங்கள். பிறகு கழன்று விழுந்த திருகு ஏதும் போர்டுக்கு அடியில் கிடக்கிறதா பாருங்கள், பெட்டியை மெல்லச் சாய்த்தால் உருளும் சத்தம் கேட்கும். அதுவும் இல்லையென்றால் ஹார்டு டிஸ்க், சிடி டிரைவ், கூடுதல் கார்டுகள் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, போர்டு, பிராசசர், அதன் ஃபேன், ஒரு ரேம், எஸ்எம்பிஎஸ் மட்டும் வைத்து ஆன் செய்யுங்கள். அணையாமல் ஓடினால் ஒவ்வொன்றாகச் சேர்த்து வாருங்கள். எதைச் சேர்த்ததும் மறுபடி அணைகிறதோ அதுதான் குற்றவாளி. அப்போதும் அணைந்தால் போர்டைக் கேபினெட்டிலிருந்து வெளியே எடுத்துக் காய்ந்த அட்டை மேல் வைத்து இதையே செய்யலாம். அங்கே ஓடினால் போர்டின் அடிப்பக்கம் கேபினெட் உலோகத்தைத் தொட்டிருக்கிறது.

சில நிமிடம் ஓடி அணைகிறது: சூடு. பிராசசர் ஃபேன் சுற்றுகிறதா? ஹீட்சிங்க் (பிராசசர் மேல் உட்கார்ந்து சூட்டை வெளியேற்றும் உலோகக் கட்டை) இடுக்குகளில் தூசி கம்பளம் போல் படிந்திருக்கிறதா? ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொண்டு பிரஷ்ஷால் தள்ளி எடுங்கள். ஹீட்சிங்க்கை லேசாக ஆட்டினால் ஆடக்கூடாது. இன்டெல் 775 சாக்கெட் காலத்து வெள்ளை, கறுப்பு பிளாஸ்டிக் முளைகளில் ஒன்று விட்டுப்போயிருப்பது சாதாரணம். நான்கும் போர்டின் மறுபக்கம் வரை போய்ப் பிடித்திருக்க வேண்டும். இதற்குப் பிறகும் அணைந்தால் ஹீட்சிங்க்கைக் கழற்றி, காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட் என்ற சூடு கடத்தும் பசையைத் துடைத்துவிட்டுப் புதிதாகப் பிராசசரின் நடுவில் ஒரு சிறு பொட்டு வையுங்கள். பழைய ஏஎம்டி இயந்திரம் என்றால் ஹீட்சிங்க்கை நேராக மேலே இழுக்காதீர்கள். பிராசசரும் சேர்ந்து சாக்கெட்டிலிருந்து பிடுங்கிக்கொண்டு வரும், முள் வளையும். சில நிமிடம் ஓடவிட்டு அணைத்து, வயரைப் பிடுங்கிவிட்டு, சூடு ஆறுமுன் இடவலமாக மெல்லத் திருகி எடுங்கள்.

## ஃபேன் ஓடுகிறது, திரை கறுப்பாகவே இருக்கிறது

அதிகம் வரும் புகார் இதுதான். காசில்லாமல் தீர்வதும் இதில்தான் அதிகம்.

ஒரு நிமிடம் பொறுத்து, கீபோர்டில் நம் லாக் (Num Lock) விசையை அழுத்துங்கள். விளக்கு எரிந்து அணைந்தால் போர்டு உயிரோடு இருக்கிறது, படம் மட்டும் வரவில்லை. மானிட்டர் "நோ சிக்னல்" என்று காட்டினால் மானிட்டர் நலம். கேபிளை இரண்டு பக்கமும் இறுக்குங்கள், மானிட்டர் மெனுவில் சரியான உள்ளீட்டைத் தேர்ந்தெடுங்கள். தனி கிராஃபிக்ஸ் கார்டு இருக்கும் இயந்திரத்தில் கேபிளைத் தவறுதலாகப் போர்டின் துளையில் செருகியிருக்கிறார்களா பாருங்கள். பெட்டியை இடம் மாற்றி வைத்த மறுநாள் "கெட்டுப்போச்சு" என்று சொன்னால் பெரும்பாலும் இதுதான்.

நம் லாக் விளக்கு அசையவில்லை என்றால் ரேமுக்குப் போங்கள். இரண்டு பக்கக் கொக்கியையும் விலக்கி எடுத்து, தங்க நிறப் பற்களை ரப்பரால் ஒரே திசையில் தேயுங்கள். ரப்பர்த் துகள் சாக்கெட்டுக்குள் விழாதபடி தள்ளி நின்று தேய்த்துத் துடைத்துவிடுங்கள். சாக்கெட்டைப் பிரஷ்ஷால் சுத்தம் செய்யுங்கள், வாயால் ஊதினால் எச்சில் ஈரம் உள்ளே போய்விடும். திரும்பப் பொருத்தும்போது கொக்கிகள் 'க்ளிக்' என்று தானாகப் பிடிக்கும்வரை அழுத்த வேண்டும். பலர் பயந்து பாதியில் விட்டுவிடுகிறார்கள். இரண்டு ரேம் இருந்தால் ஒன்றை மட்டும் போட்டு, ஒவ்வொரு சாக்கெட்டிலும் முயலுங்கள். பிறகு மற்றதை.

அதுவும் பலிக்கவில்லையென்றால் கிராஃபிக்ஸ் கார்டைக் கழற்றி அதன் பற்களையும் தேயுங்கள். போர்டிலேயே படத்துளை இருந்தால் கார்டு இல்லாமல் அதில் முயலுங்கள். பிராசசருக்குப் பக்கத்தில் மஞ்சள், கறுப்பு வயர்களோடு ஒரு 4 முனை இணைப்பி இருக்கும். அது செருகப்படாவிட்டாலும் ஃபேன்கள் ஓடும், படம் வராது.

அடுத்து பட்டன் பேட்டரி. கரண்ட் வயரைப் பிடுங்கிவிட்டுப் பேட்டரியை எடுத்து, பத்து நிமிடம் கழித்துப் புதிதைப் போடுங்கள். 3 வோல்ட் இருக்க வேண்டியது 2.7க்குக் கீழே போயிருந்தால் தூக்கிப் போடுங்கள். பேட்டரி செத்தாலும் பெரும்பாலான போர்டுகள் கிளம்பிவிடும். ஆனால் பயாஸ் (போர்டிலேயே இருக்கும், இயந்திரத்தை முதலில் கிளப்பும் மென்பொருள்) அமைப்புகள் குழம்பிப்போய்க் கறுப்புத் திரையில் நிற்கும் போர்டுகளும் உண்டு.

இங்கே ஒரு நல்ல சோதனை இருக்கிறது. போர்டில் சின்ன ஸ்பீக்கர் இணைந்திருந்தால், ரேம் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு ஆன் செய்யுங்கள். பீப் அடித்துக் கத்தினால் பிராசசரும் போர்டும் உயிரோடு இருக்கின்றன, ரேமையோ கிராஃபிக்ஸ் கார்டையோ மாற்றிப் பார்க்கலாம். ரேமே இல்லாமலும் மௌனமாக இருந்தால் போர்டு, பிராசசர், எஸ்எம்பிஎஸ் மூன்றில் ஒன்று. வேறு நல்ல எஸ்எம்பிஎஸ் போட்டும் மௌனம்தான் என்றால் மேற்கொண்டு உங்களால் முடியாது. பழுதுபார்ப்பவரிடம் கொடுக்குமுன் ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள். இந்தப் பழுதுக்கு அவருக்கு அது தேவையில்லை.

## பீப் சத்தம் தொடர்ந்து வருகிறது

எத்தனை, நீளமா குட்டையா என்று எழுதிக்கொண்டு உங்கள் போர்டின் கையேட்டோடு ஒப்பிடுங்கள். பயாஸ் தயாரித்த நிறுவனத்துக்கு நிறுவனம் கணக்கு மாறும். அவார்டு பயாஸில் ஒரு நீளமும் இரண்டு குட்டையும் கிராஃபிக்ஸ் கோளாறு, நிற்காமல் வரும் நீள பீப் ரேம். ஏஎம்ஐயில் மூன்று குட்டை ரேம், எட்டு குட்டை கிராஃபிக்ஸ். எதுவானாலும் வேலை மேலே சொன்ன அதே ரப்பர் வேலைதான். கீபோர்டில் ஏதாவது விசை அழுந்திச் சிக்கியிருந்தாலும் பீப் வரும், கீபோர்டைப் பிடுங்கிவிட்டு ஒருமுறை பாருங்கள்.

## திரையில் எழுத்து வந்து அத்தோடு நிற்கிறது

திரையில் இருப்பதைப் படியுங்கள். பலர் எஃப்1 அழுத்திப் பழகிப் படிப்பதையே விட்டிருப்பார்கள்.

"சிமாஸ் செக்சம் எரர்", அல்லது தேதி பல வருடம் பின்னால் போய்விட்டது: பட்டன் பேட்டரி. மாற்றிவிட்டுத் தேதியைச் சரிசெய்யுங்கள். தேதி தவறாக இருந்தால் பிறகு இணையதளங்கள் சான்றிதழ் பிழை காட்டித் திறக்க மறுக்கும்.

"சிபியு ஃபேன் எரர்": ஃபேன் சுற்றவில்லை, அல்லது வேறு துளையில் செருகியிருக்கிறது. எஃப்1 அழுத்தித் தாண்டிப் போக வேண்டாம்.

"ரீபூட் அண்ட் செலக்ட் ப்ராப்பர் பூட் டிவைஸ்", "என்டிஎல்டிஆர் இஸ் மிஸ்ஸிங்", "பூட்எம்ஜிஆர் இஸ் மிஸ்ஸிங்": பயந்துவிடாமல் முதலில் பென் டிரைவ், மெமரி கார்டு, சிடி எல்லாவற்றையும் வெளியே எடுங்கள். பழைய பயாஸ் அவற்றிலிருந்து கிளம்பப் பார்த்துத் தோற்றிருக்கும். பிறகு டெலீட் அல்லது எஃப்2 அழுத்திப் பயாஸுக்குள் போய் ஹார்டு டிஸ்க்கின் பெயர் தெரிகிறதா பாருங்கள். தெரிந்தால் பூட் வரிசையில் அதை முதலில் வையுங்கள். தெரியாவிட்டால் டிஸ்க்கைப் போர்டோடு இணைக்கும் சாட்டா கேபிளைக் கழற்றி வேறு துளையில் செருகுங்கள், கேபிளையே மாற்றுங்கள். அப்படியும் தெரியாவிட்டால் கடைசித் தலைப்புக்குப் போங்கள்.

பேட்டரி மாற்றிய கையோடு விண்டோஸ் நீலத்திரை காட்டி மீண்டும் மீண்டும் ரீஸ்டார்ட் ஆனால், அதில் 7பி என முடியும் எண் இருந்தால், விண்டோஸைத் திரும்பப் போட ஓடாதீர்கள். பேட்டரி போனபோது பயாஸில் சாட்டா முறை மாறிவிட்டது. ஏஎச்சிஐ என்று இருந்தால் ஐடிஇ என்றும், ஐடிஇ என்று இருந்தால் ஏஎச்சிஐ என்றும் மாற்றிச் சேமியுங்கள். நலமாக இருந்த விண்டோஸை இதற்காகவே அழித்துத் திரும்ப ஏற்றுகிறார்கள், கூடவே படங்களும் போகின்றன.

## விண்டோஸ் சின்னம் வரை வந்து திரும்பிவிடுகிறது

பிரிண்டர், வெப்கேம் உட்பட யுஎஸ்பியில் இருப்பதையெல்லாம் பிடுங்கிவிட்டு ஒருமுறை. விண்டோஸ் 7 அல்லது அதற்கு முந்தையது என்றால், கிளம்பும்போது எஃப்8 தட்டிச் சேஃப் மோடுக்கு (அத்தியாவசியமானவற்றை மட்டும் வைத்து விண்டோஸ் கிளம்பும் முறை) போங்கள். போக முடிந்தால் கடைசியாக நிறுவிய மென்பொருளையோ டிரைவரையோ நீக்குங்கள். ஒவ்வொரு முறையும் நீலத்திரையில் வேறு வேறு பிழை வந்தால் ரேம் மேல் சந்தேகம். ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+ஐப் பென் டிரைவில் போட்டு ஓர் இரவு ஓடவிடுங்கள். ஒரே ஒரு பிழை வந்தாலும் அந்த ரேம் வேண்டாம்.

மிக மெதுவாக ஏறுகிறது, டிஸ்க் விளக்கு அணையாமல் எரிகிறது, உள்ளே கரகரப்பு என்றால் ஹார்டு டிஸ்க் போய்க்கொண்டிருக்கிறது. இங்கே பலர் முதலில் விண்டோஸின் டிஸ்க் சோதிக்கும் கருவியான செக்டிஸ்க்கை ஓட்டுவார்கள். கூடாது. சாகும் டிஸ்க்கை அது முழுக்க உழுது இன்னும் வேகமாகச் சாகடிக்கும். லினக்ஸ் லைவ் பென் டிரைவ் (டிஸ்க்கில் நிறுவாமலே ஓடும் லினக்ஸ்) ஒன்றிலிருந்து கிளப்பியோ, டிஸ்க்கைக் கழற்றி யுஎஸ்பி அடாப்டர் மூலம் வேறு இயந்திரத்தில் மாட்டியோ, முதலில் கோப்புகளை எடுங்கள். குடும்பப் படம், கணக்கு, சான்றிதழ் என்று திரும்பக் கிடைக்காதவை முதலில், சினிமாவும் பாட்டும் கடைசியில். எடுத்து முடித்த பிறகு கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ போன்ற ஒன்றில் ஸ்மார்ட் விவரத்தை (டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே பதிந்து வைக்கும் குறிப்பு) பாருங்கள். இடம் மாற்றிய செக்டர்கள், காத்திருக்கும் செக்டர்கள் என்ற இரண்டு வரிகளில் எண் ஏறிக்கொண்டே போனால் டிஸ்க்கை மாற்றுங்கள்.

டிஸ்க் 'டிக் டிக்' என்று சீராகத் தட்டினாலோ, எந்த இயந்திரத்திலும் தெரியாவிட்டாலோ உடனே கரண்ட்டைப் பிடுங்குங்கள். ஃப்ரீசரில் வைத்துப் பார்ப்பது, தட்டிப் பார்ப்பது, மூடியைத் திறந்து பார்ப்பது எதுவும் வேண்டாம். உள்ளே இருப்பது தேவைதான் என்றால் தரவு மீட்பு மட்டுமே செய்யும் இடத்துக்கு, மேற்கொண்டு ஒருமுறைகூட ஆன் செய்யாமல், அப்படியே கொண்டுபோங்கள். மேசையில் வைத்தே டிஸ்க்கின் மூடியைத் திறந்து பார்த்துவிடலாம் என்று யாராவது சொன்னால் அவரிடம் கொடுக்க வேண்டாம்.